அன்பவுண்ட்: மண்டபத்தில் எட்டு மாதப் பயன்பாடு

மண்டபம் ஊரில் உள்ள எங்கள் கருவாட்டு வியாபார அலுவலகத்தில், இணையம் அறுந்துபோன நாட்களைவிட, இணையம் இருந்தும் தளம் திறக்காத நாட்களே அதிகம். தளத்தின் முகவரியான ஐபி எண்ணைக் கொடுத்துப் பிங் செய்தால், அதாவது பதில் வருகிறதா என்று சோதித்தால், உடனே பதில் வரும். பெயரைக் கொடுத்தால் ஒன்றும் நகராது. தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ் சர்வர். இணையச் சேவை நிறுவனம் தந்த இரண்டு டிஎன்எஸ் சர்வர்களில் முதலாவது அடிக்கடி செத்துக் கிடந்தது. முதல் சர்வர் பேசாவிட்டால் 5 விநாடி காத்திருந்த பிறகே அடுத்ததைக் கேட்பது லினக்ஸின் இயல்பான அமைப்பு என்பதால், வங்கித் தளம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். கணினியிலேயே பெயர்-முகவரிப் பட்டியலாக இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் முகவரிகளை நானே எழுதிவைத்துப் பார்த்தேன். வங்கியின் முகவரி மாறியதும் அதுவும் வீணாயிற்று.

பிறகுதான் நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் இலவசமாகத் தரும் அன்பவுண்ட் என்னும் டிஎன்எஸ் மென்பொருளை ராஸ்பெர்ரி பை 4 என்னும் சிறு கணினியில் நிறுவினேன். அது நிறுவனத்தின் சர்வர்களை நம்பாமல், டிஎன்எஸ் அமைப்பின் உச்சியில் உள்ள ரூட் சர்வரில் தொடங்கித் தானே விசாரித்து, விடையைக் கேச் என்னும் தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'செர்வ் எக்ஸ்பையர்ட்' என்னும் வசதி. காத்திருப்பை 1800 மில்லிவிநாடி என்று அமைத்தால், அதற்குள் புதிய விடை வராதபோது காலாவதியான பழைய விடையைக் கொடுத்துவிட்டுப் பின்னணியில் தேடலைத் தொடரும். பழைய முகவரி தவறாக இருக்கவும் கூடும் என்பதால் ஒரு நாள், அதாவது 86400 விநாடி, வரம்பு வைத்திருக்கிறேன். கம்பியே அறுந்தால் இதனால் பயனில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

குறை என்றால் மின்வெட்டுதான். கேச் நினைவகத்தில் மட்டும் இருப்பதால் மின்சாரம் போனதும் அழிந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய சிக்கலை வாடைக் காலத்தில் மூன்று நாள் தொடர்ந்து மின்சாரம் இல்லாதபோது கண்டேன். இந்த ராஸ்பெர்ரி பை கணினியில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் வந்தபோது அதன் தேதி மூன்று நாள் பின்தங்கியிருந்தது. விடை உண்மையானதுதான் என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பங்கள் வருங்காலத் தேதியில் இருப்பதாகக் கருதி அன்பவுண்ட் விடைகளையெல்லாம் தள்ளிவிட்டது. தேதியைத் திருத்த வேண்டிய, இணையத்தில் நேரம் சொல்லும் என்டிபி சர்வரின் பெயரையோ அதே அன்பவுண்டிடம்தான் கேட்க வேண்டும். ஒரு காலை முழுவதும் கேபிளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தேன். டிஎஸ் 3231 கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்தி, என்டிபி சர்வரைப் பெயரால் அல்லாமல் ஐபி எண்ணாலேயே குறித்த பின் அந்தத் தொல்லை இல்லை.

ஒரே மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. நம்பகமான பொது டிஎன்எஸ் எண்ணைப் போட்டுக்கொண்டால் போதும். நான்கைந்து கணினிகள் உள்ள அலுவலகத்துக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன், கடிகாரச் சில்லையும் சேர்த்து.