ஹரித் தாராவா, போவேரா? மாட்டு ஏப்பத்துக்கு எது தோது

மாடு விடும் மீத்தேன் வாயுவில் பெரும்பங்கு ஏப்பமாக வாய்வழியேதான் போகிறது. தீனியின் சத்தில் ஒரு பகுதியும் அதோடு காற்றில் கரைகிறது. காசு போட்டுப் புண்ணாக்கு வாங்குகிறவர்களுக்கு இது வயிற்றெரிச்சல். இந்த மீத்தேனைக் குறைக்கத் தீனியில் கலக்கும் இரண்டு பொருள்கள்தான் போவேரும் ஹரித் தாராவும்.

போவேர், 3-என்ஓபி என்ற வேதிப்பொருள். முதல் இரைப்பையில் மீத்தேன் உருவாகும் கடைசிப் படியிலுள்ள நொதியை மறிக்கிறது. நாளுக்குக் கால் தேக்கரண்டிதான். மீத்தேன் சுமார் 30 சதவீதம் குறைகிறது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்தது. ஆனால் இரைப்பையில் சீக்கிரம் சிதைந்துவிடும், அதனால் தீனி முழுவதிலும் கலந்திருக்க வேண்டும். காலையில் அவிழ்த்துவிட்டால் தாமிரபரணிக் கரையில் மேய்ந்து பொழுதுசாயத் தொழுவுக்குத் திரும்பும் அம்பாசமுத்திரத்து மாட்டுக்கு அது எப்படிச் சரிவரும்? கட்டிப்போட்டே வளர்க்கும் பெரிய பண்ணைக்குப் பொருந்தும்.

ஹரித் தாரா, பெங்களூரிலுள்ள மத்திய அரசின் கால்நடை ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த தாவரப் பொருள்களில் உருவாக்கியது. குறைப்பது 17 முதல் 20 சதவீதம்தான். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே: தவிடு, பருத்திக்கொட்டையோடு தொட்டியில் கலந்து வைக்கலாம். அளவை மட்டும் மீறாதீர்கள். டானின் கூடினால் மாடு தீனியைக் குறைத்துவிடும். பிசானப் பருவத்து நெல் வைக்கோலை மட்டும் போடுகிறவர்கள் முதலில் பசுந்தீவனத்தைச் சேருங்கள்.