பழி சாக்லேட்டுக்கா, கலருக்கா? பிரிட்டன் ஸ்மார்ட்டீஸ் மதிப்புரை

பிறந்தநாள் விருந்துக்குப் போய்வந்த பிள்ளை இரவு 11 மணிக்கும் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி "இவனுக்கு யார் இவ்வளவு சாக்லேட் கொடுத்தது?" என்பதுதான். அதே மாலையில் சிவப்பு கிரீம் பூசிய கேக், ஜெல்லி, ஆரஞ்சு நிற பானம், வண்ண மிட்டாய் எல்லாமே உள்ளே போயிருக்கும். பழி மட்டும் சாக்லேட் தலையில் விழும். எது காரணம் என்று வீட்டிலேயே பிரித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு, பிரிட்டனில் விற்கும் நெஸ்லே ஸ்மார்ட்டீஸ் அளவுக்குத் தோதான கடைப்பொருள் குறைவு. அதில் பால் சாக்லேட் இருக்கிறது, சர்க்கரை தாராளமாக இருக்கிறது, 8 நிறங்கள் இருக்கின்றன. செயற்கை நிறமி மட்டும் இல்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். யார்க் நகரத்து ரவுன்ட்ரீ நிறுவனம் 1937இல் இந்தப் பெயரில் விற்கத் தொடங்கியது. இப்போது நெஸ்லே கையில் இருக்கிறது. ஆறுபக்க அட்டைக் குழாயில் 38 கிராம். மேலே உள்ள சர்க்கரை ஓடு மெல்லிய சத்தத்தோடு உடையும். உள்ளிருக்கும் சாக்லேட்டில் இனிப்பு தூக்கல், கோகோ மணம் மிதம். ஆரஞ்சு நிறத்தில் மட்டும் ஆரஞ்சுச் சுவை உண்டு, மற்றவை எல்லாம் ஒரே சுவைதான். நிறங்கள் கொஞ்சம் அடங்கியே தெரியும். பிள்ளைகளுக்கு அது ஒரு குறையாகப் படுவதில்லை.

பின்பக்கப் பட்டியலைப் படித்தால் காரணம் புரியும். குசும்பப்பூ, முள்ளங்கி, கறுப்பு கேரட், எலுமிச்சை, செம்பருத்தி, ஸ்பைருலினா பாசி ஆகியவற்றின் கெட்டிச் சாறுகளிலிருந்துதான் நிறம் வருகிறது. 2006இல் செயற்கை நிறமிகளை எடுத்தபோது நீலத்துக்கு மட்டும் சரியான மாற்று கிடைக்கவில்லை. அதற்காக நீல ஸ்மார்ட்டியையே நிறுத்திவிட்டு வெள்ளையை வைத்தார்கள். ஸ்பைருலினா கைகொடுத்த பிறகு, 2008இல்தான் நீலம் திரும்பியது. விற்பனைக்கு முகமாக இருந்த ஒரு நிறத்தை இரண்டு ஆண்டுகள் விட்டுக்கொடுத்தது பாராட்ட வேண்டிய முடிவு.

செயற்கை நிறமியைப் பற்றி ஏன் இத்தனை கவலை? சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 3 வயதுப் பிள்ளைகள் 153 பேர், 8-9 வயதுப் பிள்ளைகள் 144 பேர். எல்லோரும் சாதாரணப் பிள்ளைகள், கவனக்குறைபாட்டு நோய் என்று கண்டறிந்து சேர்க்கப்பட்டவர்கள் அல்ல. நிறமிகளும் 45 மி.கி. சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தும் பொருளும் கலந்த பழச்சாறு சில வாரங்கள், கலக்காத அதே சாறு சில வாரங்கள். எது எந்த வாரம் என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. 3 வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரு கலவையில் நிறமி மொத்தமே நாளுக்கு 20 மி.கி.தான். அதிலேயே சராசரித் துறுதுறுப்பு கூடியது தெரிந்தது. கூடுதல் சிறியதுதான், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவிலும் இல்லை. ஒவ்வாமையில் பங்கு வகிக்கும் ஹிஸ்டமின் என்ற உடல் வேதிப்பொருளைச் சிதைக்கும் மரபணுவில் உள்ள வேறுபாட்டுக்கு இதில் பங்குண்டு என்று அதே குழு 2010இல் காட்டியது. ஒரே வீட்டில் அண்ணன் எதைத் தின்றாலும் சும்மா இருக்க, தம்பி மட்டும் ஆட்டம் போடுவதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம்.

இதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலை 20 முதல் 6 நிறமிகளுக்கு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. பெயரோடு, பாக்கெட் பட்டியலில் வரும் எண்ணும் இதோ: டார்ட்ராசின் 102, குயினோலின் மஞ்சள் 104, சன்செட் மஞ்சள் 110, கார்மோய்சின் 122, பொன்சோ 4ஆர் 124, அல்லூரா சிவப்பு 129. இவற்றில் ஒன்று இருந்தாலும், குழந்தைகளின் செயல்பாட்டிலும் கவனத்திலும் பாதகமான விளைவு ஏற்படக்கூடும் என்று அட்டையில் அச்சிட வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் அந்த வரியை அச்சிடுவதைவிட நிறமியை மாற்றுவதே மேல் என்று முடிவு செய்தன.

அளவை ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்கக் கடைப்பொருட்களை அளந்து 2014இல் வெளியிட்ட கணக்கில், ஒரு பரிமாறல் எம் அண்ட் எம்ஸில் 29.5 மி.கி. செயற்கை நிறமி இருந்தது, ஸ்கிட்டில்ஸில் 33.3 மி.கி. நிறமிகளின் கலவை வேறு என்றாலும், சவுத்தாம்ப்டனில் சிறு பிள்ளைகளுக்குக் கொடுத்த அளவு ஒரே பாக்கெட்டில் வந்துவிடுகிறது. மெல்போர்னில் ரோவ் தம்பதியர் 1994இல் வெளியிட்ட ஆய்வில் டார்ட்ராசின் மட்டும் 1 மி.கி. முதல் 50 மி.கி. வரை கொடுக்கப்பட்டது. 54 பிள்ளைகளில் 24 பேரிடம் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. எரிச்சல், நிலைகொள்ளாமை, தூக்கக் கலைவு ஆகியவைதான் அந்த மாற்றங்கள். அளவு கூடினால் விளைவும் நீண்டது.

சாக்லேட்டின் கணக்கு வேறு. பால் சாக்லேட்டில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 மி.கி. கஃபீன். குழாயின் 38 கிராமும் சாக்லேட்டே என்று வைத்தாலும் 8 மி.கி. தாண்டாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிள்ளைகளுக்குச் சொல்லும் வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி., அதாவது 20 கிலோ பிள்ளைக்கு 60 மி.கி. ஒரு பெரிய கோப்பைத் தேநீரில் 50 மி.கி. வரை இருக்கும். சாயங்காலம் பிள்ளைக்கு டீ கொடுத்துவிட்டு சாக்லேட்டைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. 70 சதவீத டார்க் சாக்லேட் வேறு கதை. அதில் 50 கிராமிலேயே 40 மி.கி. வந்துவிடும்.

சர்க்கரை மீதான சந்தேகத்துக்கும் ஆதாரம் இல்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 1995இல் வந்த தொகுப்பாய்வு, சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகக் காணவில்லை. 1994இல் செய்த ஒரு சோதனையில் 5 முதல் 7 வயதுப் பையன்கள் எல்லோருக்கும் சர்க்கரையே இல்லாத பானம் கொடுத்துவிட்டு, பாதித் தாய்மார்களிடம் மட்டும் சர்க்கரை கொடுத்ததாகச் சொன்னார்கள். அந்தத் தாய்மார் தங்கள் பிள்ளைகள் அதிகம் துள்ளுவதாக மதிப்பெண் போட்டார்கள். வீட்டுச் சோதனை கெடுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சோதனையை இப்படிச் செய்யலாம். முதல் 2 வாரம் நிறமி எதுவும் வேண்டாம். மிட்டாயை நிறுத்தினால் போதும் என்று நினைத்தால் தவறிவிடும். இருமல் மருந்து, வைட்டமின் கம்மி, பற்பசை, கஸ்டர்ட் பவுடர், கேசரிப் பவுடர், கடை பிரியாணி, தந்தூரி மசாலா எல்லாவற்றிலும் கலர் ஒளிந்திருக்கும். டாக்டர் எழுதிய மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது, நிறமற்ற மாற்று உண்டா என்று கேட்கலாம். நோட்டில் தினமும் மூன்றே விவரம்: தூங்கிய நேரம், இரவில் விழித்த தடவைகள், அழுகையோ அடிதடியோ எத்தனை முறை. "இன்று ரொம்பக் குறும்பு" என்று எழுதினால் பின்னால் எதையும் ஒப்பிட முடியாது.

மூன்றாம் வாரம் பள்ளி நாட்களில் 3 நாள் தொடர்ந்து, மாலை 4 மணிக்கு, சாப்பிட்ட பிறகு, அரைக் குழாய் ஸ்மார்ட்டீஸ். விடுமுறை, விருந்து, பயண நாட்கள் வேண்டாம். அந்த நாட்களில் பிள்ளை எதைத் தின்றாலும் தூங்காது. பிறகு 4 நாள் இடைவெளி. அடுத்து சாக்லேட் கலக்காத, பட்டியலில் 102, 110, 122, 124 போன்ற எண்கள் உள்ள ஒரு மிட்டாய் அல்லது பானம், அதே நேரத்தில், அதே 3 நாள். கொடுப்பவர் ஒருவர், நோட்டு எழுதுபவர் இன்னொருவர். பானத்தை மூடியும் ஸ்ட்ராவும் உள்ள எவர்சில்வர் தம்ளரில் கொடுத்தால் நிறம் வெளியே தெரியாது, பிள்ளையின் நாக்கை மட்டும் எழுதுபவர் பார்க்கக் கூடாது. ஆஸ்துமா, தோல் தடிப்பு, ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இதை வீட்டில் செய்யவே கூடாது, டாக்டர் மேற்பார்வை வேண்டும்.

ஸ்மார்ட்டீஸ் வாரம் அமைதியாகப் போனால், அந்த அளவில் சாக்லேட், சர்க்கரை, பால் மூன்றும் ஒரே வீச்சில் சந்தேகத்திலிருந்து விடுபடும். இந்தக் குழாயின் பெரிய பயன் அதுதான். மாறாக ஆட்டம் கூடினால் முடிவு அவ்வளவு தெளிவாக இராது. உள்ளே பாலும் கோதுமை மாவும் உண்டு. சிட்னி ராயல் பிரின்ஸ் ஆல்பர்ட் மருத்துவமனையின் விலக்கு உணவு முறையோ, கோகோவில் இயல்பாக உள்ள அமீன்கள் என்ற வேதிப்பொருட்களுக்காகச் சாக்லேட்டையே முதல் கட்டத்தில் நிறுத்துகிறது. அப்படி நேர்ந்தால் அடுத்து ஓடு இல்லாத சாதாரணப் பால் சாக்லேட்டைக் கொடுத்துப் பாருங்கள். அதிலும் அதே ஆட்டம் என்றால், உணவியல் நிபுணரிடம் போகும்போது உங்கள் நோட்டே பாதி வேலையை முடித்திருக்கும்.

குறைகளில் முதலாவது சர்க்கரை. எடையில் 60 சதவீதத்துக்கு மேல், முழுக் குழாயில் ஏறத்தாழ 24 கிராம். பிரிட்டன் சுகாதாரத் துறை 4-6 வயதுக்குச் சொல்லும் நாள் வரம்பு 19 கிராம்தான். நடத்தையைக் கெடுக்காத சர்க்கரை பல்லைக் கெடுக்கும். கோதுமை இருப்பதால், கோதுமையின் குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோய் உள்ள பிள்ளைகளுக்கு ஆகாது. கேக் மாவில் கலந்து சுடுவதும் சரிவராது. சோடா மாவின் காரத்தன்மையில் முள்ளங்கி, கறுப்பு கேரட் சிவப்புகள் ஊதா, நீலம் பக்கம் திரும்பும், ஸ்பைருலினா நீலம் சூட்டில் வெளுக்கும். ஐசிங் மேல் பரிமாறும் நேரத்தில் பதித்தால் நன்றாக இருக்கும்.

இந்தியாவில் வண்ண சாக்லேட் வாங்குபவர்கள் பட்டியலில் ஐஎன்எஸ் (உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான சர்வதேச எண் முறை) எண்களைப் பாருங்கள். இங்கே 8 செயற்கை நிறமிகளுக்கு அனுமதி உண்டு, பொதுவாக கிலோவுக்கு 100 மி.கி. வரை. ஐரோப்பா போன்ற எச்சரிக்கை வாசகம் இங்கே அச்சிடப்படுவதில்லை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் தடை செய்யப்பட்டது ரோடமின்-பி காரணமாக. அது அனுமதியே இல்லாத துணிச்சாயம், அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் ஸ்மார்ட்டீஸ் கேட்காதீர்கள். அங்கே அந்தப் பெயரில் விற்பது வேறொரு கம்பெனியின் சர்க்கரை வில்லை, சாக்லேட்டே அல்ல. லண்டனிலிருந்து வருபவர்கள் கைப்பையில் கொண்டுவந்தால் நல்லது. சென்னை வெயிலில் கோகோ வெண்ணெய் உருகி ஓடு வெடிக்கும், பிறகு இறுகும்போது வெள்ளை பூக்கும். தின்பதற்கு அதனால் கேடில்லை.