கத்திரிக்காயில் கலந்த பழி: முன்பே காட்டுவதா, கடைசியில் அவிழ்ப்பதா?

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீடு. கணவனின் கள்ள உறவு மனைவிக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிறு விருந்துக்கு ஆம்பூர் பிரியாணி, தொட்டுக்கொள்ள இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய். அதில் பேதி மாத்திரை. 20 நிமிட இருண்ட நகைச்சுவைக் குறும்படத்தில் இதைப் பார்வையாளருக்கு எப்போது சொல்வது?

முன்பே என்றால், 4-ஆம் நிமிடத்துக்குள் மாத்திரை பொடியாவதைக் காட்டிவிட வேண்டும். அதன்பின் கிண்ணம்தான் கதாநாயகன். மாமியார் ஒரு கரண்டி கேட்கிறார், பக்கத்து வீட்டுப் பையன் கை நீட்டுகிறான். மனைவி பதறப் பதறச் சிரிப்பு வளர்கிறது. கிண்ணம் ஃபிரேமை விட்டுப் போனால் பதற்றம் செத்துவிடும். ஒவ்வொரு டேக்கிலும் கத்திரிக்காயின் அளவு மாறும் என்பதால் ஒரே மாதிரி 6 கிண்ணம் வேண்டும். ஷாட் முடிந்ததும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். மே மாத வேலூர் வெயிலில் பிரியாணி சீக்கிரம் காயும். லேசாக எண்ணெய் தடவினால் பளபளப்பு திரும்பும்.

கடைசியில் என்றால் வேலை குறைவு, சிரிப்பும் ஒன்றே ஒன்று. மனைவி தன் தட்டில் கத்திரிக்காய் வைக்காததை இரண்டு முறையாவது காட்டாவிட்டால் முடிவு ஏமாற்றுவேலையாகத் தோன்றும்.

இந்தக் கதைக்கு முதல் வழிதான். மனைவியின் வலி முகத்தில் தெரிய அதில்தான் இடமிருக்கிறது.