மண்ணிறப் பம்பும் ஸ்பேசரும்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

எனக்கு முட்டு வருத்தம். ஒவ்வாமையால் வருகிற ஆஸ்துமா என்று கிளினிக்கில் சொன்னார்கள். பெரும்போக வெட்டுக் காலத்தில் படுவான்கரைப் பக்கம் வெட்டு மெசின் கிளப்பும் தூசு, மாரியில் பூஞ்சணம் பிடித்த சுவர், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகை எல்லாமே ஆகாது. தலையணைக்குள் இருக்கும் தூசி உண்ணி வேறு. மட்டக்களப்பின் ஈரக் காற்றில் அதற்கு நல்ல வாழ்க்கை.

நீலப் பம்ப் (இன்ஹேலர்) சல்பியூட்டமோல், இறுகிய சுவாசக் குழாயைச் சில நிமிடத்தில் தளர்த்திவிடும். மண்ணிறம் பெக்லோமெதசோன். அது குழாயின் அழற்சியைக் குறைக்கிறது, ஆனால் அடித்தவுடன் ஒன்றும் தெரியாது. அதனாலேயே பலர் நீலத்தை மட்டும் நம்புகிறார்கள். 2019இல் ஜீனா (GINA) என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டியே நீலத்தோடு மட்டும் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. காலை மாலை விடாமல் மண்ணிறம் எடுக்கத் தொடங்கிச் சில வாரங்களில்தான் எனக்கு இரவில் எழும்பி உட்காருவது குறைந்தது.

முன்பு ரோட்டாகேப்ஸ் தந்தார்கள், குளிசைக்குள் பொடியாக இருக்கும் மருந்து. அதைப் பலமாக இழுக்க வேண்டும். முட்டு வந்த நேரத்தில் அந்தப் பலத்துக்கு எங்கே போவது? மாரி ஈரத்தில் குளிசையும் இளகிவிடும். பம்பை மெதுவாக இழுத்தால் போதும், அதுவும் ஸ்பேசரோடு, அதாவது பம்பின் வாயில் பொருத்தும் பிளாஸ்டிக் குழாயோடு. இல்லாவிட்டால் மருந்தில் பெரும்பங்கு தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஸ்பேசரைச் சவர்க்காரத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, துடைக்காமல் காயவிட வேண்டும். துவாயால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். மார்கழியில் காய்வதற்குள் பொறுமை போய்விடும், காலை மருந்து எடுத்த கையோடு கழுவிவிடுவதுதான் வசதி.

குறை இல்லாமல் இல்லை. ஸ்பேசர் பொக்கற்றுக்குள் அடங்காது. என் பம்பில் மிச்சம் காட்டும் எண்ணும் இல்லை. 200 தடவைக்குத்தான் மருந்து, அதன் பிறகும் வாயு வந்துகொண்டே இருக்கும். நாளுக்கு நாலு தடவை என்றால் 50 நாள், ஆகவே தொடங்கிய திகதியை எழுதி ஒட்டிவிடுகிறேன். மண்ணிறம் எடுத்தபின் வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

"பம்ப் பழகினா விடேலாது மகன்" என்பார் மாமி. அப்படியில்லை. வருத்தம் மாதக்கணக்கில் கட்டுப்பட்டிருந்தால் டொக்டரே அளவைக் குறைப்பார், எனக்கும் குறைத்தார். கவனிக்க வேண்டியது நீலத்தை. வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் போய்க் காட்டுங்கள். ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, போகிற வழியிலும் ஸ்பேசரில் நீலத்தை எடுத்தபடி.