டிஆர்-இசட்400எஸ்எம், 690 எஸ்எம்சி ஆர்: ஒரு மாதம் சாவி மாற்றி ஓட்டியதில் தெரிந்தது

ஆறு வருடமாக நான் ஓட்டுவது சுசுகி டிஆர்-இசட்400எஸ்எம். நண்பனிடம் இருப்பது கேடிஎம் 690 எஸ்எம்சி ஆர், 2019-ல் புதுப்பித்து வந்த தலைமுறை. போன மாதம் முழுக்க இருவரும் சாவியை மாற்றிக்கொண்டோம். தினமும் வேலைக்குப் போய் வருவது, நான்கு ஞாயிறு மலைப்பாதை, கடைசியில் ஒரு நாள் கோ-கார்ட் டிராக் என்று ஆசை தீர ஓட்டினேன். இரண்டுமே சூப்பர்மோட்டோ, அதாவது மண்ணில் ஓடும் பைக்கின் உடம்பில் சாலைச் சக்கரம் மாட்டிய வகை. விவரப் பட்டியலை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்: ஒற்றை சிலிண்டர், 17 அங்குலச் சக்கரங்கள், தரையிலிருந்து ஏறத்தாழ 890 மில்லிமீட்டர் உயரத்தில் சீட், அகலமான ஹேண்டில்பார். முதல் வளைவைத் திரும்பும்வரைதான் அந்த ஒற்றுமை.

எது வேகம் என்ற கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சுசுகியின் 398 சிசி எஞ்சின் ஏறத்தாழ 40 குதிரைத்திறன் தரும்; கேடிஎம்மின் 693 சிசி எஞ்சின் 75 தரும். எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது. பெட்ரோல் நிரப்பிய சுசுகி 146 கிலோ, பெட்ரோல் இல்லாத கேடிஎம் 147. அப்புறம் எது முந்தும் என்று சொல்லவே வேண்டாம். என்னை யோசிக்க வைத்தது வேறு விஷயம்: நான் ஒன்றைச் செய்ததற்கும் வண்டி அதற்குப் பதில் சொல்வதற்கும் நடுவே எனக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பாதையில் மூன்று கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும். நடுவில் உள்ளது ஏற்றத்தில் இடப்பக்கம் திரும்பும். உள்ஓரத்தில் தார் பெயர்ந்து பொடிக்கல் சிதறிக் கிடக்கும். சுசுகியில் அந்த வளைவு எனக்கு மனப்பாடம். பிரேக் பிடித்தால் முன் ஃபோர்க் மெதுவாக அமுங்கும். மூக்கு இறங்குவதை உள்ளங்கையில் உணர முடியும். இரண்டாவது கியருக்கு இறங்கி, டேங்கை ஒட்டி முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, இடது காலை நீட்டிவிட்டு ஹேண்டிலை கீழே அழுத்தினால் வண்டி மட்டும் சாயும், நான் நிமிர்ந்தே இருப்பேன். த்ராட்டிலைத் திறந்ததும் எஞ்சின் ஒரு மூச்சு எடுத்துவிட்டுத்தான் இழுக்கும். பின் டயர் பொடிக்கல்லில் வழுக்கப் போகிறது என்பது வழுக்குவதற்கு முன்பே சீட் வழியாகத் தெரிந்துவிடும்.

அதே வளைவுக்கு 690-ல் முதல் ஞாயிறு போனேன். பிரேக்கில் ஒரு விரல் வைத்ததுமே வேகம் நான் கணக்குப் போட்டதைவிடக் குறைந்துவிட்டது. ஹேண்டிலை வழக்கமான அளவுக்கு அழுத்தினேன். திரும்ப வேண்டிய இடத்துக்கு இரண்டு அடி முன்னாலேயே வண்டி உள்ஓரத்துக்கு வந்து நின்றது. சரி என்று த்ராட்டிலைத் திறந்தால் ஒரு உதறல், உடனே பாய்ச்சல். குறைந்த சுழற்சியில் பெரிய ஒற்றை சிலிண்டருக்கு இருக்கும் குணம் இது. நிமிடத்துக்கு 3,500 சுற்றுக்குக் கீழே போனால் செயின் தளர்ந்து இறுகுவது காலுக்குத் தெரியும். மூன்றாவது ஞாயிறுதான் வழி பிடிபட்டது. பின் பிரேக்கை லேசாக மிதித்தபடியே த்ராட்டிலைத் திறந்து, செயின் இறுகிய பிறகு பிரேக்கை விட வேண்டும். அப்படிச் செய்தால் அந்த உதறல் காணாமல் போகிறது. அதற்குப் பிறகு 690 அந்த ஏற்றத்தில் கிளம்பிய விதம் இருக்கிறதே, ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் எஞ்சின் மட்டும் இல்லை. சுசுகியின் சஸ்பென்ஷன் முன்னால் 260, பின்னால் 276 மில்லிமீட்டர் அமுங்கும். மண்ணில் ஓடப் பிறந்த டிஆர்-இசட்400எஸ் வண்டிக்குச் சாலைச் சக்கரம் மாட்டி 2005-ல் வந்தது இது. அந்த மண் புத்தி இன்னும் போகவில்லை. கேடிஎம்மில் 215, 240 தான். ஃபோர்க் இறுக்கம் அதிகம், டிஸ்க்கை ரேடியல் பிரெம்போ காலிப்பர் பிடிக்கிறது. 1979-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக, பாதித் தார் பாதி மண் என்ற பாதையில் வெவ்வேறு வகைப் பந்தயக்காரர்களை ஒன்றாக ஓடவிட்டார்கள். சூப்பர்மோட்டோ பிறந்தது அங்கேதான். மண் பக்கத்துச் சொந்தம் சுசுகியில் தெரிகிறது, தார் பக்கத்துச் சொந்தம் கேடிஎம்மில்.

ஊருக்குள் ஓட்ட சுசுகிதான். நெரிசலில் நடக்கிற வேகத்தில்கூட கிளட்சை விட்டு விட்டுப் பிடிக்காமல் நகரும். காலையில் சோக் இழுக்க வேண்டும், கார்ப்பரேட்டர் வண்டி. ஆயில் ஃபிரேம் குழாய்க்குள்ளே இருப்பதால் எஞ்சினைச் சூடாக்கி அணைத்த பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பார்த்தால் குச்சி குறைவாகக் காட்டும், அதை நம்பி மேலும் ஊற்றிவிடக் கூடாது. இதெல்லாம் எனக்குப் பழகிப்போன வேலைகள், அதில் ஒரு நெருக்கமும் உண்டு. 690-ல் பட்டனைத் தொட்டால் போதும். ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் இடது கை வேலை செய்துகொண்டே இருக்கிறது. அதன் பெட்ரோல் டேங்க் பின்னால், சீட்டுக்கு அடியில். மூடியும் சீட்டுக்குப் பின்னால்தான். பின்னால் பை கட்டியிருந்தால் ஒவ்வொரு முறையும் அவிழ்க்க வேண்டும். கொள்ளளவு 13.5 லிட்டர், சுசுகிக்கு 10.

நெடுஞ்சாலை என்றால் நிலைமை தலைகீழ். சுசுகிக்கு ஐந்து கியர்தான். அதற்கு மேல் ஒரு கியர் இருக்காதா என்று இடது கால் இன்றும் தேடுகிறது. 2025-ல் வந்த புதிய டிஆர்-இசட்4எஸ்எம்மில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), டிராக்ஷன் கண்ட்ரோல் (த்ராட்டிலில் பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) எல்லாம் சேர்த்தும் ஐந்தோடு நிறுத்திவிட்டார்கள், எனக்கு அது வருத்தம்தான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் போனால் விரல்கள் மரத்துவிடும். 690-க்கு ஆறு கியர், அதிர்வைக் குறைக்க இரண்டு பேலன்சர் ஷாஃப்ட். அதே வேகத்தில் எஞ்சின் நிதானமாக ஓடுகிறது, ஓவர்டேக் செய்ய கியர் குறைக்கத் தேவையில்லை. காற்று நெஞ்சில் அறைவதும் பலகை மாதிரி சீட்டும் இரண்டுக்கும் பொது.

டிராக்கில் 690-ன் எலெக்ட்ரானிக்ஸ் நிஜமாகவே உதவியது. சூப்பர்மோட்டோ ஏபிஎஸ் என்ற அமைப்பில் பின் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் விலகிக்கொள்ளும். பின் டயரைச் சறுக்கவிட்டு வளைவுக்குள் நுழையலாம், முன் சக்கரத்துக்குப் பாதுகாப்பு இருந்துகொண்டே இருக்கும். கிளட்ச் பிடிக்காமல் கியர் ஏற்றவும் இறக்கவும் முடிகிறது. சுசுகியில் இது எதுவும் கிடையாது; பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது முழுக்க கையும் காலும்தான். அன்றைக்கு என் சிறந்த சுற்று 690-ல் வந்தது. ஆனால் ஐந்தாவது சுற்றுக்கே முன்கை இறுகி, பிரேக் புள்ளி முன்னும் பின்னும் நகர ஆரம்பித்தது. சுசுகியில் பத்துச் சுற்றும் ஒரே மாதிரி ஓட்டினேன். இறங்கும்போது தண்ணீர் குடிக்கக்கூடத் தோன்றவில்லை, இன்னொரு பத்துச் சுற்று கேட்கத்தான் தோன்றியது.

சூப்பர்மோட்டோவில் இதுவரை ஏறாதவருக்கு நான் தயங்காமல் டிஆர்-இசட்டைச் சொல்வேன். எடை எப்படி முன்னும் பின்னும் போகிறது, டயர் எப்போது விடுகிறது என்பதையெல்லாம் அது பொறுமையாகக் காட்டிக்கொடுக்கும். தப்புக்கு உடனே தண்டனையும் தராது. நாலைந்து வருடம் இந்த வகை வண்டி ஓட்டியவர், காலையில் மனம் தெளிவாக இருக்கும்போது மட்டும் எடுப்பவர், 690 வாங்கலாம். வேலை முடிந்து களைத்த மாலையில் நான் அந்த வண்டியை எடுக்க மாட்டேன். இரண்டு முறை எடுத்தேன், இரண்டு முறையும் ஏதோ ஒரு திருப்பத்தில் த்ராட்டில் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடிவிட்டது.

சாவியைத் திருப்பிக் கொடுத்து வாரம் ஒன்றாகிறது. என் வண்டியில் ஏறியதும் எல்லாம் பழையபடி கைக்கு வந்துவிட்டது, முன் பிரேக்கைத் தவிர. 690-ல் ஒரு விரலுக்குப் பழகிய கை, இங்கே இரண்டு விரலால் இழுத்தும் இன்னும் கேட்கிறது. ஸ்டீல் பின்னல் ஹோஸுக்கும் நல்ல பிரேக் பேடுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.