வெரோனிகா ரோமனெஸ்கோ விதை: அழகைத் தள்ளிவைத்து ஒரு மதிப்பீடு

காலிஃபிளவர் வகைக் காயான ரோமனெஸ்கோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் அழகில் தொடங்கி அழகிலேயே முடித்துவிடுகிறார்கள். இளம்பச்சைக் கூம்பு, அந்தக் கூம்புக்குள் சின்னக் கூம்பு, அதற்குள் இன்னொன்று. சரி, அழகுதான். ஆனால் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில் நகரசபையிடம் வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டில் இதை நட்டு, புறா விரட்டி, சமைத்துச் சாப்பிடுகிறவளுக்குக் கேள்விகள் வேறு. நட்ட கன்றெல்லாம் தலை கட்டுமா? எவ்வளவு இடத்தைப் பிடிக்கும்? வெள்ளைக் காலிஃபிளவர் தராத எதை இது நாக்குக்குத் தருகிறது?

நான் வாங்குவது வெரோனிகா எஃப்1 என்ற கலப்பின விதை. பாக்கெட் விலை மூன்று பவுண்டைத் தாண்டுகிறது. உள்ளே இருப்பதோ ஒரு சிட்டிகைக்கும் குறைவு. முட்டைக்கோஸ் விதை விற்கும் விலையைப் பார்த்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனாலும் காசுக்கு நியாயம் செய்கிற விதை. ஏப்ரல் கடைசியில் ஜன்னலோரத் தட்டில் போட்டால் ஒரு வாரத்தில் முளை காட்டிவிடும். கன்றுகள் ஒரே உயரத்தில் வளர்கின்றன, தலைகளும் ஏறத்தாழ ஒரே பருமனில் வருகின்றன. ஓர் இணையக் கடையில் பாதி விலைக்கு 'ரோமனெஸ்கோ' என்று மட்டும் எழுதிய பாக்கெட் வாங்கியிருக்கிறேன். வந்தவற்றில் சில சாதாரணக் காலிஃபிளவர், சில வெறும் இலைக்காடு. இத்தாலியப் பழைய ரகமான நத்தாலினோவும் கிடைக்கிறது. கிறிஸ்துமஸை ஒட்டிப் பிந்தி விளைவது. கலப்பினம் அல்லாததால் செடிக்குச் செடி மாறும். ஒன்று கைகொள்ளாத பருமனில் நிற்கும், பக்கத்தில் உள்ளது முஷ்டியளவு. தோட்டம் பெரிதாக இருப்பவர்கள் அந்தச் சூதாட்டத்தை ஆடலாம்.

பெட்ஃபோர்டின் மண் களிமண். இந்தச் சுற்றுவட்டாரத்தில் செங்கல் சூளைகள் பெருகியதற்கு அந்தக் களிமண்தான் காரணம். 1950களில் அந்தச் சூளைகளில் வேலை செய்யத் தென் இத்தாலியிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இந்த ஊரில் நிறைந்திருக்கிறார்கள். என் பக்கத்துத் துண்டுக்காரர் அவர்களில் ஒருவர். குடும்பம் நேப்பிள்ஸ் பக்கம். ரோமனெஸ்கோ என்றால் அவருக்கு அலட்சியம். அது ரோம்காரர்கள் சாப்பிடுவது, எங்கள் வீட்டில் பிரியாரியெல்லிக் கீரைதான் என்பார். ஆனால் நடுகிற முறையைச் சொல்லித் தந்தவர் அவர்தான். கன்றை ஊன்றியபின் சுற்றிலும் குதிகாலால் மண்ணை மிதிக்க வேண்டும். பிறகு ஓர் இலையைப் பிடித்து இழுக்க வேண்டும். இலை கிழிந்தால் சரி. கன்று அசைந்தால் மறுபடி மிதி. மண் பொலபொலவென்று இருந்தால் தலை இறுகாமல் விரிந்துவிடும். கரட் பாத்திக்கு நான் சபிக்கிற களிமண், இதற்கு மட்டும் வரம்.

இடம்தான் பெரிய செலவு. கன்றுக்குக் கன்று 60 சென்டிமீட்டராவது விட வேண்டும். நெருக்கினால் தலை சிறுக்கும். ஜூனில் நட்டது அக்டோபர் வரை அந்த இடத்தை விடாது. அத்தனை மாதத்துக்குப் பிறகு செடிக்கு ஒரே ஒரு தலை. வெட்டினால் கதை முடிந்தது. புரொக்கோலிபோலப் பக்கக் கிளையில் அடுத்த அறுவடை வரும் என்று காத்திருக்காதீர்கள்.

எதிரிகளும் குறைவில்லை. முட்டைக்கோஸ் இனத்துக்கெல்லாம் வருகிற வேர்வீக்க நோய் இதற்கும் வரும். ஒருமுறை மண்ணில் புகுந்தால் ஆண்டுக்கணக்கில் போகாது. குளிர்காலத்திலேயே சுண்ணாம்பு போட்டு மண்ணின் புளிப்பைக் குறைத்துவைப்பதும், வருடா வருடம் பாத்தியை மாற்றுவதும்தான் காவல். மேலே வலை கட்டாயம். வலை இல்லையென்றால் வெள்ளை வண்ணத்துப்பூச்சி முட்டையிடும், புறா இலை நரம்பை மட்டும் மிச்சம் வைக்கும். கோடையில் தண்ணீர் தவறக் கூடாது. ஜூலையில் செடி வாடிவிட்டால் பொத்தான் அளவில் அவசரமாகத் தலை கட்டி நின்றுவிடும். அதன்பின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் தேறாது. இந்தக் குணத்தில் வெரோனிகாவும் விதிவிலக்கல்ல.

வெள்ளைக் காலிஃபிளவரைவிட ஒரு வேலை குறைவு. வெயில் பட்டு மஞ்சளாகாதிருக்க அதற்கு இலையை மடித்துக் கட்டி மூட வேண்டும். பச்சை நிறத்தான் இவனுக்கு அது தேவையில்லை.

தலை உருவாகும்போது மட்டும் நானும் அழகைப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறேன் என்பதை மறைக்கவில்லை. நுனியிலிருந்து இறங்கும் சுழல் வரிசைகளை வலப்புறமாக எண்ணினால் ஓர் எண், இடப்புறமாக எண்ணினால் வேறோர் எண். 8, 13 என்றோ 13, 21 என்றோ வரும். இரண்டும் ஃபிபொனாச்சி வரிசையில், அதாவது முந்தைய இரண்டு எண்களைக் கூட்டி அடுத்ததைப் பெறும் வரிசையில், அடுத்தடுத்த எண்கள். ஏன் இந்த வடிவம் என்பதற்கு 2021இல் 'சயன்ஸ்' இதழில் பிரான்சுவா பார்சி, கிறிஸ்டோஃப் கோடான் ஆகியோரின் பிரெஞ்சு ஆய்வுக்குழு விளக்கம் தந்தது. ஒவ்வொரு மொட்டும் பூவாகத் தொடங்கி, முடியாமல் தண்டாகத் திரும்பிவிடுகிறது; அந்தத் தண்டில் பிறக்கும் மொட்டுகளுக்கும் அதே கதி. வெள்ளைக் காலிஃபிளவரிலும் இதுதான் நடக்கிறது. ரோமனெஸ்கோவில் வளர்ச்சியின் வேகமும் மாறுவதால் கூம்பு எழுகிறது.

கூம்புகள் இறுக்கமாக இருக்கும்போதே வெட்ட வேண்டும். இன்னும் பெருக்கட்டும் என்று விட்டால் இடைவெளி விழும், சுவையில் கசப்பு ஏறும்.

முதலில் இதைப் பார்த்த என் மச்சாள் கேட்டது ஒரே கேள்வி: "இத்தனை இடுக்குக்குள் புழு இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பாய்?" நியாயமான கேள்வி. கூம்பு கூம்பாகப் பிரித்து உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் இருப்பவர்கள் வெளியே வந்துவிடுவார்கள்.

சுவைக்கு வருவோம். காலிஃபிளவர் வேகும்போது எழும் அந்தக் கந்தக வாடை இதில் மிகக் குறைவு. கடிபடும் தன்மை அதிகம். பின்னால் முந்திரிபோன்ற ஒரு கொட்டைப் பருப்புச் சுவை வரும். எங்கள் யாழ்ப்பாண முறை வறைக்கு இது அருமை. பொடியாக அரிந்து, கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஐந்து நிமிடத்தில் தேங்காய்ப்பூவைத் தூவி இறக்கிவிட வேண்டும். மிளகுப் பிரட்டலும் நன்றாக வரும். பால்கறிக்கு மட்டும் வேண்டாம். நெடுநேரம் கொதித்தால் நிறம் சாம்பல் பாயும், கூம்பு கரைந்து குழையும்; அதற்கு வெள்ளைக் காலிஃபிளவரே போதும், விலையும் குறைவு.

ஆனால் இந்தக் காய்க்கென்றே பிறந்த சமையல் ரோமிடம்தான் இருக்கிறது. திருக்கை மீனை அவித்து எடுத்த சாற்றில் பூண்டு, நெத்தலிக் கருவாட்டுக்கு உறவான உப்பிட்ட ஆஞ்சோவி, தக்காளி, ரோமனெஸ்கோ சேர்த்து, ஒடித்த ஸ்பகெட்டியைப் போட்டு வேகவைக்கும் சூப். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு இறைச்சி விலக்கும் வழக்கத்தோடு சேர்ந்தது. திருக்கை தின்று வளர்ந்த எங்களுக்கு அதில் அந்நியம் ஒன்றுமில்லை. ஒரு தேசிக்காயைப் பிழிந்து, சற்றே மிளகு கூட்டினால் சொதிக்கு ஒன்றுவிட்ட சகோதரி.

கடையில் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். இலையுதிர்காலத்தில் சில கடைகளில் கிடைக்கிறது. ஆனால் வெட்டிப் பல நாளான தலை தொட்டால் நெகிழும், அந்தப் பருப்புச் சுவையும் அதில் இருக்காது. எனவே சிறு தோட்டக்காரர்களுக்கு என் கணக்கு இது: இரண்டு பாத்தி மட்டும் உள்ளவர் இதை விட்டுவிடலாம், அந்த இடத்தில் அவரையும் கீரையும் பத்து மடங்கு தரும். இடம் தாராளமாக இருந்து, மண்ணும் கெட்டியாக இருந்தால் வெரோனிகாவையே வாங்குங்கள். ஐந்தில் நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று பாக்கெட் விலைக்கு. எல்லா விதையையும் ஒரே நாளில் போடாமல் மூன்று வார இடைவெளியில் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். இல்லையென்றால் எல்லாத் தலையும் ஒரே வாரத்தில் முற்றி, உறவினர் வீடுகளுக்குக் காவிக்கொண்டு திரிய வேண்டியிருக்கும். வெட்டிய பிறகு உள்ளிலைகளை உரக்குழியில் எறியாதீர்கள், அவையும் வறைக்கு உதவும். வெளியிலை மட்டும் தோல்போலக் கடினம்.