கிந்தானா ரோவின் பவளப்பார்க் காப்பீடு: ஒரு சர்வேயரின் மதிப்பீடு

கடல்சார் இழப்புகளை மதிப்பிடும் சர்வேயராக 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், எந்த பாலிசியை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது பிரீமியத்தை அல்ல. இழப்பு நேர்ந்தபின் பணம் எத்தனை நாளில், யார் கைக்கு, எந்தச் சான்றின் பேரில் போய்ச் சேரும் என்பதைத்தான். மெக்சிகோவின் கிந்தானா ரோ மாநிலம் தன் கரைக்கு எதிரே உள்ள பவளப்பாறைக்காக 2019இல் எடுத்த காப்பீட்டைப் பற்றி வெளியாகியிருக்கும் ஆவணங்களையும் அதே கண்ணோடுதான் படித்தேன். பவளப்பாறைக்கென்று உலகில் முதன்முதலாக எடுக்கப்பட்ட பாலிசி இது. தூத்துக்குடி, பாம்பன் பக்கத்து மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். அந்தச் சொல்லையே இங்கும் வைத்துக்கொள்கிறேன்.

கான்கூன், புவெர்த்தோ மொரேலோஸ் ஆகிய ஊர்களுக்கு எதிரே இருக்கும் பார், மெக்சிகோ, பெலிஸ், குவாத்தமாலா, ஹோண்டுராஸ் ஆகிய நான்கு நாடுகளின் கரையோரமாக ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளும் மீசோஅமெரிக்கத் தொடரின் வடமுனைப் பகுதி. நல்ல நிலையில் உள்ள ஒரு பார், கரையை நோக்கி வரும் அலையின் ஆற்றலில் 97 விழுக்காடு வரை உடைத்துவிடும் என்று 2014இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அந்த ஆய்வுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 2005இல் எமிலி, வில்மா என்ற இரண்டு சூறாவளிகள் அந்தக் கரையைத் தாக்கி, சுமார் 800 கோடி டாலர் அளவுக்குச் சேதத்தை விட்டுச் சென்றிருந்தன. வில்மா கான்கூனின் கடற்கரை மணலை வாரிக்கொண்டு போயிற்று. அறைகளை ஒரே ஆண்டில் செப்பனிட்டுவிடலாம், மணலும் பாரும் இல்லாத கரையில் அறை எடுக்க ஆள் வரமாட்டார்கள் என்பதை ஓட்டல் முதலாளிகள் அப்போது நேரடியாகக் கண்டார்கள்.

காப்பீட்டுத் தொழிலில் ஓர் அடிப்படை விதி உண்டு: தனக்கு நலன் இல்லாத பொருளை ஒருவர் காப்பீடு செய்ய முடியாது. என் வீட்டை நான் காப்பீடு செய்யலாம்; பக்கத்து வீட்டைச் செய்ய முடியாது. கடலடியில் இருக்கும் பார் எந்த ஓட்டலுக்கும் சொந்தமில்லை, அது நாட்டின் சொத்து. அப்படியானால் பாலிசி யார் பெயரில் இருக்கும்? இந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட விடைதான் இந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி என்பது என் கருத்து. மாநில அரசும், தி நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும், ஓட்டல் துறையினரும் பிறரும் சேர்ந்து 2018இல் கடலோர மேலாண்மைக்கென ஓர் அறக்கட்டளையை உருவாக்கினார்கள். கரையை ஒட்டிய நிலம் மெக்சிகோவில் மத்திய அரசுக்கு உரியது. அதைப் பயன்படுத்துவதற்காகக் கரையோர ஓட்டல்கள் ஏற்கெனவே ஒரு கட்டணம் செலுத்தி வந்தன. அந்தக் கட்டணத்தின் ஒரு பங்கே அறக்கட்டளை வழியாகப் பிரீமியமாயிற்று. புதிய வரி போடாமல், பாரினால் பயன் பெறுகிறவர்களிடமிருந்தே பணத்தைத் திரட்டி, உரிமையாளர் யார் என்ற சிக்கலையும் இப்படி ஒரே ஏற்பாட்டில் தீர்த்திருக்கிறார்கள். பாலிசியை வடிவமைப்பதில் சுவிஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனம், அதாவது காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் நிறுவனம், பங்கேற்றது. முதல் ஒப்பந்தம் சுமார் 160 கிலோமீட்டர் கரைக்கு உரியது; ஓராண்டில் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தொகை 38 லட்சம் டாலர்.

இழப்பை இங்கே எப்படி அளக்கிறார்கள்? அளப்பதே இல்லை. அந்த முதல் ஒப்பந்தத்தின்படி கடலின் மேல் ஓர் எல்லை வரையப்பட்டது; அந்த எல்லைக்குள் சூறாவளிக் காற்று 100 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 185 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் பணம் வரும். வேகம் கூடக் கூடத் தொகையும் படிப்படியாகக் கூடும். எத்தனை பவளம் உடைந்தது, அதன் விலை என்ன என்று யாரும் கடலுக்குள் இறங்கிக் கணக்கெடுக்க வேண்டியதில்லை. வானிலை மையத்தின் காற்றுப் பதிவு ஒன்றே சான்று.

இதன் அருமையை நான் தொழிலில் பட்டு உணர்ந்தவன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் கரையைக் கடந்தபின், உடைந்த படகுகளைப் பார்வையிட நான் அனுப்பப்பட்டேன். ஒவ்வொரு படகையும் படமெடுத்து, இயந்திர எண்ணைச் சரிபார்த்து, பழைய ரசீதுகளைக் கேட்டு, அறிக்கை எழுதி அனுப்பி, அதன்மேல் எழுந்த கேள்விகளுக்கு மறுபடியும் விளக்கம் எழுதினேன். சிலருக்குப் பணம் வந்து சேர்ந்தபோது அடுத்த மீன்பிடித் தடைக்காலமே நெருங்கிவிட்டது. "சார், இந்தப் பணம் தை மாசம் வந்திருந்தா நான் கடன் வாங்கியிருக்க மாட்டேன்" என்று ஒரு படகுக்காரர் என்னிடம் சொன்னார். அவருக்குச் சொல்லப் பதில் இல்லாமல் நின்றேன். படகாவது காத்திருக்கும்; உடைந்து மணலில் உருளும் பவளத்துண்டு காத்திருக்காது. அலை அதைப் புரட்டிக்கொண்டே இருக்க, மணல் மூடி, உயிர்த்திசு தேய்ந்து, சில வாரங்களில் இறந்துவிடும். அதற்குள் எடுத்து நிலையான பாறையில் ஒட்டினால் பிழைத்துக்கொள்ளும். ஆகவே இந்தச் சொத்துக்கு விரைவாக வரும் பணம் மட்டுமே பயன்படும் பணம்.

2020 அக்டோபர் 7 அன்று டெல்டா சூறாவளி புவெர்த்தோ மொரேலோஸ் அருகே கரையைக் கடந்தது. கரையேறும் முன் அது சற்று வலுவிழந்திருந்தாலும், வரையப்பட்ட எல்லைக்குள் நிபந்தனை நிறைவேறியதால் சுமார் 8,50,000 டாலர் அறக்கட்டளைக்குக் கிடைத்தது. எனினும் பாரைக் காத்ததில் இந்தத் தொகைக்குச் சமமான பங்கு, அதற்கு முன்பே தயாராகியிருந்த மனிதர்களுக்கு உண்டு. உள்ளூர் மீனவர்கள், முக்குளிப்பு வழிகாட்டிகள், கடல் பூங்காப் பணியாளர்கள் ஆகியோரைக் கொண்ட மீட்புக் குழுக்களுக்கு முன்கூட்டியே பயிற்சி அளிக்கப்பட்டிருந்தது. காற்று அடங்கிய சில நாட்களிலேயே அவர்கள் நீரில் இறங்கினார்கள்; கவிழ்ந்து கிடந்த பெரிய பவளத் திரள்களை நிமிர்த்தி நிறுத்தினார்கள்; உடைந்த துண்டுகளைப் பொறுக்கியெடுத்து, ஆயிரக்கணக்கில் மறுபடியும் பாறையோடு ஒட்டினார்கள். அகன்ற கிளைகளை விரித்து அலையை முதலில் தாங்கும் மான்கொம்புப் பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே வளரக்கூடியது. ஒரு முழங்கை நீளக் கிளையைக் காப்பாற்றுவது பல ஆண்டு வளர்ச்சியைக் காப்பாற்றுவதாகும். பயிற்சி பெற்ற குழு இல்லாத கரையில் இதே தொகை வந்திருந்தால், அது வங்கிக் கணக்கில் கிடந்திருக்கும்; துண்டுகள் மணலில் கிடந்திருக்கும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். 100 நாட் என்பது மிக உயர்ந்த வரம்பு. டெல்டா வந்த அதே மாதக் கடைசியில் செட்டா என்ற சூறாவளி துலூம் அருகே கரையைக் கடந்தது. அது சூறாவளிகளின் ஐந்து வகைகளில் வலிமை மிகக் குறைந்த முதல் வகை, அந்த வேகத்துக்கு வெகு கீழே இருந்தது. ஒட்டிய துண்டுகள் இன்னும் வேர்கொள்ளாத நிலையில் உள்ள பாருக்கு, இத்தகைய நடுத்தரப் புயல் செய்யும் கேடு சிறியதல்ல. ஆனால் இவ்வகைப் பாலிசியில் அதற்கு ஒரு டாலர்கூடக் கிடைக்காது. சேதம் இருந்தும் காற்றுப் பதிவு வரம்பைத் தொடாவிட்டால் பணம் இல்லை என்பது இந்த முறையோடு பிறந்த பலவீனம். தி நேச்சர் கன்சர்வன்சி 2022 நவம்பரில் ஹவாய்த் தீவுகளின் பார்களுக்கு எடுத்த பாலிசி இதைவிட மேலானது. அதில் 50 நாட் காற்றுக்கே பணம் வரத் தொடங்கும் என்று இருந்தது. அப்போது அதன் அதிகபட்சத் தொகை 20 லட்சம் டாலர், பிரீமியம் 1,10,000 டாலர். நூறு டாலர் பாதுகாப்புக்கு ஐந்தரை டாலர் என்பது, இத்தனை தாழ்ந்த வரம்புக்கு அதிகம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் ஹவாயில் பிரீமியத்தைக் கட்டியது அந்த அமைப்பே. அதாவது நன்கொடை. மீசோஅமெரிக்கத் தொடருக்காக மார் ஃபண்ட் என்ற நிதியம் நான்கு நாடுகளையும் சேர்த்து 2021இல் தொடங்கிய திட்டத்திலும் வெளிநாட்டு உதவிப் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது நன்றாகவே வேலை செய்தது: 2022 நவம்பர் தொடக்கத்தில் லிசா சூறாவளி பெலிஸைத் தாக்கியபோது, இரண்டு வாரங்களுக்குள் 1,75,000 டாலர் கிடைத்தது. படகுக்காரர்களை மாதக்கணக்கில் காத்திருக்க வைத்த துறையிலிருந்து வந்தவனுக்கு, இரண்டு வாரம் என்பது நெஞ்சை நிறைக்கும் செய்தி. இருந்தாலும், நன்கொடையாளர் ஓராண்டு கைவிட்டால் பாலிசி காலாவதியாகிவிடும். புயல் அந்த ஆண்டைப் பார்த்து வந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. நன்கொடைப் பணம் தொடக்கச் செலவுக்கும், ஆய்வுக்கும், குழுக்களின் பயிற்சிக்கும் போகட்டும். ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பிரீமியத்தைக் கரையால் வருவாய் ஈட்டும் தொழில்களே ஏற்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் கிந்தானா ரோவின் ஏற்பாடே மற்ற இரண்டையும்விட உறுதியானது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பாலிசியில் எழுதப்படாத பகுதியில் இருக்கிறது. மெக்சிகோவின் கரீபியன் கரையில் 2018இல் கண்டறியப்பட்ட திசு இழப்பு நோய், இருபதுக்கும் மேற்பட்ட பவள இனங்களைத் தாக்கி, பல நூறு ஆண்டு வயதுள்ள திரள்களைச் சில மாதங்களில் வெறும் சுண்ணாம்பாக்கியது. 2023இன் கடல் வெப்பம் அந்தப் பகுதியிலும் பவளங்கள் தமக்கு உணவூட்டும் நுண்பாசியை இழந்து வெளுக்கச் செய்தது. உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வு நடந்துகொண்டிருப்பதாக அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. நோய்க்கும் வெப்பத்துக்கும் கழிவுநீருக்கும் இந்தப் பாலிசியில் இடமில்லை. காப்பீட்டாளரை இதற்காகக் குறை சொல்லவும் முடியாது: திடீரென நேரும் இழப்புக்குத்தான் காப்பீடு தர முடியும்; ஆண்டுக்காண்டு தவறாமல் நடப்பது செலவுக் கணக்கில் வர வேண்டியது. ஆகவே பிரீமியத்துக்குப் பங்களிக்கும் ஓட்டல் ஒன்று தன் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறைக்குள் விடுமானால், அது காப்பதாகச் சொல்லும் பாரைத்தான் அது கொன்றுகொண்டிருக்கிறது. சுத்திகரிப்புச் சான்று இல்லாத ஓட்டலைப் பங்களிப்பாளர் பட்டியலில் வைத்துக்கொண்டு பெருமைப்பட அனுமதிக்கக் கூடாது என்ற விதி அறக்கட்டளையில் இருந்தால், இந்தத் திட்டத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

வேறொரு கரையில் ஓட்டலோ முக்குளிப்புப் பள்ளியோ நடத்துகிறவர்கள் இத்தகைய பாலிசியை வாங்கலாமா என்றால், வாங்கலாம், இரண்டு திருத்தங்களோடு. காற்று வரம்பை 100 நாட்டிலிருந்து கீழே கொண்டுவந்து, சிறிய புயலுக்குச் சிறிய தொகையாவது கிடைக்கும்படி எழுதச் சொல்லுங்கள். புயல் வராத ஆண்டுகளில் மீட்புக் குழுவின் பயிற்சி நாட்களுக்கான கூலி, படகு எரிபொருள், காற்று உருளைகளின் பராமரிப்பு ஆகியவற்றுக்கென ஒரு தனித்தொகையைப் பிரீமியத்தோடு சேர்த்தே ஆண்டுதோறும் ஒதுக்குங்கள். ஐந்து ஆண்டுகள் புயலே வராமல் போனால், அந்த மீனவர்களும் வழிகாட்டிகளும் வேறு வேலைக்குப் போய்விட்டிருப்பார்கள்.